குட்டி இல்லை, பிள்ளைத்தாச்சி

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம், ஆனால் வேறு வீட்டில் நலம். நீயும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு கை ஓடாது. அன்றைக்கு நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஓர் அலறல் கேட்டதே, என்னப்பா ஆச்சு என்று பதறினாயே, உன் அம்மா கரப்பானைப் பார்த்துவிட்டாள், அவளுக்கு வேறு என்ன வேலை என்று நானும் சொன்னேனே, அது அம்மா இல்லை. நான்தான். சட்டைக் கை வழியாக ஒன்று ஏறி அக்குள் வரைக்கும் போய்விட்டது. என் தொண்டைக்குள் அப்படி ஒரு மெல்லிய குரல் இத்தனை வருடமாக இருந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. மாடி வீட்டுத் தையல்காரம்மா ஏதோ பெண்பிள்ளைக்கு ஆபத்து என்று நினைத்துக் கையில் கத்தரிக்கோலோடு இறங்கி வந்துவிட்டாள். வந்து பார்த்தால் நான் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருக்கிறேன். பல்பு மாற்றுகிறேன் என்றேன். அவள் மேலே அண்ணாந்து பார்த்தாள். அந்த இடத்தில் பல்பே கிடையாது. கத்தரிக்கோலை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்விட்டாள், பண்பானவள்.

அப்போது அம்மா வீட்டில் இல்லை என்பது இரண்டாவது விஷயம். அவள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவிடம் பேசும்போதெல்லாம் பின்னால் நாய் குரைக்கிறதே, நாய் வாங்கிட்டீங்களா என்று நீ கேட்டதற்கு அவள் ஆமாம் என்று சொல்லி அதற்கு ஒரு பெயரும் வைத்தாளாம். நமக்கு நாய் இல்லை. அது சித்தி வீட்டு நாய். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத நாளில்கூட உன்னிடம் பொய் சொல்வதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தோம், பார்த்துக்கொள். நீ ஒன்றும் பயந்துவிடாதே, பெரிய விவகாரம் எதுவும் இல்லை, கரப்பான் விவகாரம்தான். ஆனால் பெரிய விவகாரமாக இருந்திருந்தால் பெரியவர்கள் யாராவது வந்து பேசி முடித்திருப்பார்கள். கரப்பானுக்கு யார் வந்து பேசுவார்கள். இதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்து, பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளையிடம் சொல்லி, அவரும் சிரித்து, என்னை மறந்துவிடுவீர்கள். கடிதத்தில் நீங்கள் எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. இன்னொன்று, உன் வீட்டுக் காபி மெஷின் பின்னால் குட்டியாக ஒன்று பார்த்தேன், சின்னதுதானே, விட்டுட்டேன் என்று நீ சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. குட்டி என்று நினைத்துத்தான் நான் இந்தக் கதிக்கு வந்தேன். ஆகையால் கவனமாகப் படி. சின்ன ரவுக்குப் பதில் பெரிய றவும் பெரிய றவுக்குப் பதில் சின்ன ரவும் வந்திருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் படித்துக்கொள், உன் அளவுக்கு நான் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் சமையலறையில்தான் தென்பட்டன. விரல் நகத்தளவு இருக்கும், வெளுத்த பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. ஏதோ பள்ளிக்கூடச் சீருடை போட்ட மாதிரி எல்லாம் ஒரே அச்சு. உன் அம்மா காட்டினாள். நான் பார்த்துவிட்டு, இது குட்டி, இதைக் கொன்று பிரயோஜனம் இல்லை, இதன் தாய் எங்கேயோ இருக்கிறது, தாயைப் பிடித்தால் குட்டி தானாக அடங்கும் என்று பெரிய மேதாவி மாதிரிச் சொன்னேன். கரப்பான் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் குளியலறைச் சாக்கடைத் துவாரத்திலிருந்து மீசையை ஆட்டிக்கொண்டு வரும் அந்தக் கட்டை விரல் சைஸ் ஆசாமிதான். சரி, தாய் அங்கேதான் என்று துவாரத்தில் வெந்நீர் ஊற்றினேன், கம்பி வலை வெட்டி மூடினேன், பக்கத்துச் சந்தில் இருக்கும் மூடியையெல்லாம் சிமெண்ட் வைத்துப் பூசினேன். ஒரு நாள் காலையில் பெரியது ஒன்று சிக்கியது. செருப்பால் ஒரே போடு. வால் பிடித்து, வால் என்று எதுவும் இல்லை, ஏதோ ஒன்றைப் பிடித்து உன் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டி, இனிமேல் நிம்மதியாக இரு, தாயைத் தீர்த்துவிட்டேன் என்றேன். அவள் அதைப் பார்த்தாள், அடுப்பு மேடையைப் பார்த்தாள். அங்கே குட்டிகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. "துக்கம் விசாரிக்கப் போகுதுங்க போல" என்றாள்.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. உன் அம்மா அன்றே, இது உங்க மேசைலேர்ந்துதான் வருது, நாலு வீட்டுக் குப்பையும் அங்கதான் இருக்கு என்றாள். என் மேசையைக் குப்பை என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும், சொல். ஊரில் யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் ஃபேன் முனகினாலும் இந்த மேசைக்குத்தான் வருகிறது. அதில் அடுக்கியிருப்பது குப்பை இல்லை, நோயாளிகள். நான் பதிலுக்கு, நீ சேர்த்து வைத்திருக்கும் காகிதப் பைகளிலிருந்துதான் வருகிறது என்றேன். சிங்குக்கு அடியில் அவள் மடித்து மடித்து வைத்திருக்கும் பைகள் உனக்குத் தெரியும், ஒரு கடையே நடத்தலாம். இப்படி நீ, நான் என்று நாங்கள் வழக்கு நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் என் மேசை ஓரத்தில் மிளகுத்தூள் மாதிரிக் கறுப்பாகக் கொட்டிக் கிடந்தது. மிளகு டப்பாவை மூடத் தெரியாதா என்று சத்தம் போட்டேன். அவள் வந்து பார்த்து, "நான் எதுக்கு உங்க மேசைல வந்து மிளகு இடிக்கிறேன்" என்றாள். விரலால் தொட்டு முகர்ந்துகூடப் பார்த்தேன். மிளகு வாசனை இல்லை. நாக்கில் வைத்தாயா என்று நீ கேட்காதே, நானும் சொல்லமாட்டேன். அது என்ன என்று இப்போது தெரியும். உன் வீட்டில் அலமாரி மூலையிலோ கதவுக் கீலிலோ அந்த மாதிரி மிளகுத்தூள் இருந்தால் அது மிளகு இல்லை, அங்கே குடித்தனம் நடக்கிறது என்று அர்த்தம்.

பிறகு ஸ்ப்ரே. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. டப்பா டப்பாவாக அடித்தேன். அடிக்கிற இடத்தில் நாலு விழும், எனக்குத் தலை கிறுகிறுத்து நான் ஐந்தாவதாக விழுவேன். மிச்சம் எல்லாம் தப்பித்து அடுத்த அறைக்குக் குடிபோகும். அதுவரை சமையலறையில் மட்டும் இருந்தவை சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால், உன் கல்யாணப் போட்டோ சட்டத்துக்குள், குழாய் போகிற ஓட்டை வழியாக மாடியில் தையல்காரம்மாவின் பொத்தான் டப்பாவுக்குள் என்று பரவிவிட்டன. "அண்ணே, உங்க விருந்தாளிங்க எங்க வீட்டுக்கும் வந்திருக்காங்க" என்று அவள் வந்து சொன்னபோது, தாராளமாக உட்காரச் சொல்லுங்கள் என்று சிரித்துச் சமாளித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை.

அவள் போனது எப்படி என்று சொல்கிறேன். அவள் கிளினிக்கில் பெயர் பதிகிற மேசையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களையெல்லாம் கை கழுவிட்டு வாங்க, கை கழுவிட்டு வாங்க என்று விரட்டுகிறவள் என்பது உனக்குத் தெரியும். மத்தியானம் பின்னறையில் பெரிய நர்சம்மாவோடும் மற்றவர்களோடும் உட்கார்ந்து சாப்பாட்டுப் பையைத் திறந்திருக்கிறாள். உள்ளேயிருந்து ஒன்று நிதானமாக வெளியே வந்து, மேசையைக் குறுக்கே கடந்து, பெரிய நர்சம்மாவின் தட்டோரத்தில் நின்று மீசையைத் துடைத்ததாம். நர்சம்மா தன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாராம். யாராவது கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று உன் அம்மா சொன்னாள். இதைக் கேட்டு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் சொன்னது, "உங்க கிளினிக்லேர்ந்தே ஏறியிருக்கும், ஊர்ல உள்ள சீக்கெல்லாம் அங்கதானே வருது" என்பது. சொல்லி முடித்ததும் வாயை மூடினேன், ஆனால் வார்த்தை ஏற்கெனவே வெளியே போய்விட்டது. அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. துணிகளை ஒவ்வொன்றாக வாசலில் நின்று உதறினாள், மடித்தாள், பையில் வைத்தாள். கிளம்பும்போது, "கரப்பானைக்கூட மன்னிச்சிருவேன், அது திருப்பிப் பேசல" என்றாள்.

சித்தியைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அவள் வீட்டுத் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அக்கா வந்ததில் அவளுக்கு வாயெல்லாம் பல். போனதும் அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்தாளாம், அவளே போனில் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஒரு தட்டுதானே, விருந்தாளிக்குக் கொடுப்பதுதான். அடுத்த வாரம் இரண்டாவது தட்டும் ஒதுக்கிவிட்டாள் என்று தெரிந்ததும் அந்த அலமாரியில் மொத்தம் எத்தனை தட்டு என்று எண்ண ஆரம்பித்தேன். சித்தி வீட்டிலிருந்து கிளினிக்குக்கு ஒரே பஸ்தான், அக்கா இங்கேயே இருந்துடட்டுமே என்று வேறு சொல்லியிருக்கிறாள். உன் அம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். இங்கே சமையலறையில் அவள் தம்ளர் கவிழ்த்தபடி இருந்தது. நான் அதை நிமிர்த்தி வைப்பேன், கரப்பான் ஏறுமோ என்று திரும்பக் கவிழ்ப்பேன். இதுதான் என் பொழுதுபோக்கு. மூன்றாவது தட்டை ஒதுக்குவதற்குள் இந்த வீட்டைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்புறம்தான் நீ கேட்ட அந்த அலறல்.

அலறலுக்குக் காரணமான ஆசாமியை ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துச் சிறைபிடித்தேன். கோபம் தணிந்ததும் மேசைக்கு எடுத்துவந்து, சின்ன சர்க்யூட் பார்க்கும்போது கண்ணில் செருகிக்கொள்ளும் லென்சை வைத்துப் பார்த்தேன். முதல் தடவையாக அதன் முகத்தைப் பார்க்கிறேன், சொல்லப்போனால் அதுவும் என்னை முதல் தடவையாகப் பார்க்கிறது. குட்டி என்றேனே, அதற்கு முதுகு முழுக்க இறக்கை இருந்தது. அதுகூடப் போகட்டும், பின்பக்கம் ஒரு சின்னப் பணப்பை மாதிரி எதையோ துருத்திக்கொண்டு சுமக்கிறது. எனக்குப் புரியவில்லை. துணி அளவெடுக்க வந்த தையல்காரம்மாவிடம் லென்சைக் கொடுத்தேன். அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அண்ணே, குட்டி குட்டின்னு சொன்னீங்க, இது பிள்ளைத்தாச்சி" என்றாள். அந்தப் பை முழுக்க முட்டையாம், பொரிகிறவரைக்கும் இறக்கி வைக்காமல் சுமக்குமாம். அப்படியானால் நான் தாயைத் தேடிச் சாக்கடையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த அத்தனை நாளும் தாய், தகப்பன், சம்பந்தி எல்லாரும் என் கண் முன்னாலேயே நடமாடியிருக்கிறார்கள். இது வேறு சாதி. வளர்ந்தாலே அவ்வளவுதான் சைஸ். சாக்கடையில் இருக்காது, வீட்டுக்குள்தான், அதுவும் கதகதப்பும் ஈரமும் துணுக்குத் தீனியும் பக்கம் பக்கமாக இருக்கிற இடத்தில்தான் குடியிருக்கும். உன்னைக்கூட நான் இன்னும் குட்டி என்றுதான் எழுதுகிறேன், அங்கே உன் அலுவலகத்தில் உனக்குக் கீழே எத்தனை பேர் கைகட்டி நிற்கிறார்களோ. வளர்ந்தது தெரியாமல் இருப்பதில் எனக்கு ஈடு நான்தான்.

அதற்குப் பிறகுதான் என் மூளை என் தொழிலுக்குத் திரும்பியது. ஒரு மிக்ஸி ஓடவில்லை என்றால் நான் என்ன மேலே ஸ்ப்ரேயா அடிக்கிறேன்? ஒயரா, சுவிட்சா, காயிலா என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்துப் பழுது இருக்கிற இடத்துக்கு வருவேன். அதையே செய்தேன். அட்டைத் துண்டுகளில் எலிப்பசையைத் தேய்த்து ஒட்டு அட்டை செய்து, சிங்குக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், குளியலறையில், படுக்கையறையில், கடைசியாக, நியாயம் என்று ஒன்று இருப்பதால், என் மேசைக்கு அடியிலும் வைத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஆசை என்ன தெரியுமா, சிங்குக்கு அடியில் உள்ள அட்டை நிரம்ப வேண்டும், அந்த அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் நீட்டி, பார், உன் காகிதப் பைகளின் லட்சணம் என்று சொல்ல வேண்டும். அதற்கு என்ன சட்டை போட்டுக்கொண்டு போவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் குளியலறையில் ஒன்றுமில்லை, படுக்கையறையில் வழிதவறிய ஒருவர், சிங்குக்கு அடியில் சிலர். என் மேசைக்கு அடியில் உட்கார இடமில்லாமல் ஒருவர் மேல் ஒருவர். அட்டையை இடம் மாற்றி வைத்தேன். மறுபடியும் அதே கதை. அட்டைகளைக் கலைத்துப் போட்டு வைத்துப் பார்த்தேன், அட்டையின் மேல் தவறு இருக்குமோ என்று. அட்டைக்கு வாய் இருந்தால் சிரித்திருக்கும்.

மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பேக்கரிக்காரருடைய சூடுபெட்டி. ரொட்டியையும் பன்னையும் ஆறாமல் வைப்பதற்கான பெட்டி. அதைப் பழுதுக்குக் கொடுத்துவிட்டுக் கடையையே மூடிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். நான் மட்டும் விடவில்லை. அதன் பழுது ஒரு விசித்திரப் பழுது. நினைத்தபோது அணையும், நினைத்தபோது எரியும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் நல்ல பிள்ளையாக வேலை செய்யும். கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன, என் கைக்கு அடங்காமல் ஒரு பெட்டி போகலாமா என்று தினமும் அதை எரியவிட்டுச் சோதித்துக்கொண்டே இருந்தேன். அன்று பின்பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே ஓர் ஊர் இருந்தது. சூடு போகாமல் தகடுகளுக்கு நடுவில் அடைத்திருந்த பஞ்சு முழுக்க ஆள். சந்தி, தெரு, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்திருக்கும். கீழ்த்தட்டில் பேக்கரிக் காலத்து ரொட்டித்தூள், அதற்கு மேல் மிளகுத்தூள். சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒருவர் காலமாகியிருந்தார். ஆட்டத்தில் அவர் உடல் நடுவில் வந்தால் அணைந்திருக்கிறது, விலகினால் எரிந்திருக்கிறது. பழுதே அவர்தான். என் வாழ்நாளில் ஒரு பழுதுக்கு மீசை இருந்து நான் பார்த்ததில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பெட்டியின் மேல் பக்கம் கண்ணில் பட்டது. அங்கே ஒரு வட்டம், தூசி படியாமல் துடைத்த மாதிரி. சாப்பாட்டுப் பையின் அடி. காலையில் உன் அம்மா சமைத்துப் பையில் கட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள், தலை வாருவாள், கிளம்ப நேரம் ஆகும். அதற்குள் ஆறிவிடுமே என்று அந்தப் பையை எடுத்துக்கொண்டு வந்து சூடுபெட்டி மேல் வைப்பது நான். அவள் கிளம்பும்போது எடுத்துக் கையில் கொடுப்பதும் நான். ஒரு நாள் தவறியதில்லை. அதாவது பெரிய நர்சம்மாவின் தட்டோரத்துக்கு அந்த ஆசாமியை வழியனுப்பி வைத்தது உன் அப்பா. உங்க கிளினிக்லேர்ந்தே ஏறியிருக்கும் என்று சொன்னதும் உன் அப்பா. கொஞ்ச நேரம் அந்தத் தகட்டாலேயே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வேலை. பெட்டியைப் பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் இறக்கி, மேலே இன்னோர் உறை போட்டு, காற்றுப் போகாமல் டேப் சுற்றி வீட்டைவிட்டு வெளியேற்றினேன். எனக்கு எலிப்பசை விற்ற இரும்புக் கடைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன், அலறலை மட்டும் சொல்லவில்லை. அவர் ஊசிக்குழாயில் வரும் பசை மருந்து ஒன்றைக் கொடுத்தார். அதோடு ஸ்ப்ரேயும் கொடுங்கள் என்றேன். "உங்க சாப்பாட்டு மேல பினாயிலை ஊத்தினா நீங்க சாப்பிடுவீங்களா" என்றார். புரிந்துகொண்டேன். இந்த மருந்து அவை தின்று, கூட்டுக்குப் போய், அங்கே மற்றவையும் தின்று தீர வேண்டிய மருந்து. ஸ்ப்ரே வாடை இருந்தால் பக்கத்திலேயே வராது. ஆகையால் ஸ்ப்ரே அடித்த இடத்தையெல்லாம் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டு, மிளகளவு மிளகளவாகக் கதவுக் கீலிலும் அலமாரி மூலையிலும் அடுப்புக்குப் பின்னாலும் வைத்தேன். போரிக் பவுடரும் வாங்கினேன். அதை முதலில் நான் கோலப்பொடி மாதிரிக் குவித்து வைக்க, அவை நாகரிகமாகச் சுற்றிக்கொண்டு போயின. இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லிசாக இடுக்குக்குள் ஊதிவிட வேண்டுமாம், அதுவும் சாப்பாட்டுப் பக்கம் படாமல். சிங்குக்கு அடியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டில் அது சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, அதற்கு ஒரு வாஷர் போட்டேன். தீனி இல்லாமல்கூட அவை ரொம்ப நாள் தாங்குமாம், தண்ணீர் இல்லாமல் தாங்காதாம். மாடிக்குப் போகிற ஓட்டையை அடைத்தேன், தையல்காரம்மா வீட்டிலும் மருந்து வைத்துக் கொடுத்தேன். உன் அம்மாவின் காகிதப் பைகளையும் எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பக்கத்தில் அவள் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை எல்லாம் வெளியேற்றிவிட்டேன்.

அட்டைகள் காலியாக வரத் தொடங்கியதும் சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி என்னை வாசலிலேயே நிறுத்தி, "அத்தான், சட்டையை உதறிட்டு உள்ள வாங்க" என்றாள். உதறினேன். "பாக்கெட்டையும்" என்றாள். பாக்கெட்டையும் உதறினேன். நாய் வந்து என்னை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. உன் அம்மா கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன், சுவிட்சில் காலமானவர் வரைக்கும். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பை விஷயத்தைச் சொன்னேன். சித்திகூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். உன் அம்மா நகம் வெட்டுவதை விட்டுவிட்டு, "சூடா இருக்கணும்னா அங்க வெச்சீங்க" என்றாள். ஆமாம் என்றேன். "மத்தியானம் திறக்கும்போது ஆறித்தான் இருக்கும்" என்றாள். அப்படியானால் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். "தினமும் எடுத்துட்டுப் போய் வெச்சீங்களே, என்னன்னு சொல்றது" என்றாள். பெரிய நர்சம்மாவிடம் நானே வந்து தப்பு என்னுடையது என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "நீங்க வந்து சொன்னா நான் வேலையை விட்டுடணும்" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், தங்குவதற்கு இல்லை, பார்ப்பதற்கு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன், "ஒரு கரப்பான் கால் தெரிஞ்சாலும் அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். சித்தி உடனே, மூணாவது தட்டைக் காலி பண்ணி வெச்சிருக்கேன்கா என்றாள். உன் சித்தி நல்லவள்தான், ஆனால் நேரம் தெரியாமல் நல்லவள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. இங்கே எல்லாம் துடைத்துவிட்டேன், மறுபடியும் துடைத்துவிட்டேன். பகலில் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆனால் முட்டை என்று ஒன்று எங்கேயாவது ஒளிந்திருந்து நாளைக்கென்று பார்த்துப் பொரிந்து, ஒரு பொடியன் அவள் காலடியில் வந்து வணக்கம் சொன்னால் என் கதி என்ன? கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்றுதான் இந்தக் கடிதத்தையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ அந்தக் காபி மெஷினைத் திருப்பி, டார்ச் அடித்துப் பின்பக்கம் பார். பழைய சாமான் வாங்கினால் முதலில் அதன் முதுகைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் விடு, என்னை மாதிரி மேலே சாப்பாட்டை வைக்காதே. சாமான் வந்த அட்டைப் பெட்டிகளை அடுத்த தடவைக்கு உதவும் என்று நீ அடுக்கி வைப்பாய், அது உன் அம்மாவின் ரத்தம், இருந்தாலும் எடுத்துப் போடு. குடித்த கோப்பையைக் காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று சிங்கில் போடாதே. மாப்பிள்ளை படுக்கையில் பிஸ்கட் சாப்பிடுவதை நிறுத்தச் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே, ஏதோ ஆராய்ச்சியில் வந்தது என்று சொல். மருந்து வைத்தால் ஒரு தடவையோடு விடாதே, கண்ணில் படாவிட்டாலும் மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை வை, மிச்ச முட்டை பொரிந்து வருகிறவர்களுக்கும் சாப்பாடு வேண்டுமே. சின்னதுதானே என்று எதையும் விட்டுவிடாதே.

இந்த விஷயம் எல்லாம் உனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே. நாய் எப்படி இருக்கிறது என்று வழக்கம்போலக் கேள். நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்து, சேர்ந்து சண்டை போட்டு, சண்டை போட்ட வீட்டிலேயே படுத்துத் தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும். மறக்காமல் மெஷினைத் திருப்பிப் பார்.

இப்படிக்கு,
நாளைக்காகக் காத்திருக்கும் உன் அப்பா.

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுவது. இன்று ஞாயிறு மாலை. அம்மா வந்தாள். கிளினிக் டார்ச்சைக் கொண்டுவந்து எல்லா மூலையிலும் அடித்துப் பார்த்தாள், இழுப்பறைகளை இழுத்தாள், அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். எதிலும் ஒன்றும் இல்லை. ம் என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலுக்குப் போனாள். வெளியிலிருந்து புதிதாக எதுவும் நுழையக்கூடாது என்று இன்று காலை வாசற்படி ஓரத்தில் நான் ஓர் ஒட்டு அட்டை புதிதாக வைத்திருந்தேன், பசை கொஞ்சம் தாராளம். அவள் வலது கால் செருப்பை அதன் மேல்தான் கழற்றி விட்டிருக்கிறாள். இருவரும் இழுத்துப் பார்த்தோம். வார் மட்டும் கையோடு வந்தது. ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் போக முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் குடித்தாள். பழைய செருப்பு ஒரு ஜோடி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதை நான் இன்னும் சொல்லவில்லை.